தம்பலகாமம் சந்தியில் வலப்பக்கம்

என் பெரியப்பாவும் பெரியம்மாவும் பிரான்சில் இருக்கிறார்கள். பெரியப்பாவுக்கு அறுபத்தேழு வயது, பெரியம்மாவுக்கு அறுபத்து மூன்று. வேலையிலிருந்து ஓய்வெடுத்த பிறகு ஒவ்வொரு கோடையிலும் ஆளுக்கொரு மோட்டார் சைக்கிளில் அந்த நாட்டுக் கிராமங்களைச் சுற்றுவார்கள். சூரியகாந்தி வயல், கல் வீடு, ஒரேயொரு பாண் பேக்கரி உள்ள ஊர் என்று அவர்கள் அனுப்பும் வீடியோக்களைப் பார்த்துத்தான் நான் இந்த வலைப்பதிவையே தொடங்கினேன். இந்த மார்ச் மாதம் இங்கே வந்திருக்கிறார்கள். நாளை விடிய கண்டிக்குப் போய், அங்கிருந்து பத்து நாள் மலைநாடு சுற்றுவது திட்டம். அதற்கு ஒத்திகையாக இன்று பின்னேரம் திருகோணமலை லிங்கநகரிலுள்ள எங்கள் வீட்டிலிருந்து தம்பலகாமம் கோயிலுக்குப் போய் வந்தோம். வழி காட்டியது நான்.

நான் இப்படி எழுதுவது வீட்டில் யாருக்கும் தெரியாது. படிக்கிற நேரத்தில் போன் என்று அப்பா பறித்துவிடுவார். அதனால் போர்வைக்குள் இருந்து எழுதுகிறேன். ஆனால் இன்று பயம் அதற்காக அல்ல.

முதலில் பயணிகளுக்குத் தேவையான விபரம். பெரியப்பாவின் மோட்டார் சைக்கிள் வாடகைக்கு எடுத்தது, நாளுக்கு நாலாயிரம் ரூபாய். பெரியம்மா என் அம்மாவின் ஸ்கூட்டரில் வந்தார். வீட்டிலிருந்து தம்பலகாமம் சந்தி 24 கிலோமீற்றர், சந்தியிலிருந்து உள்ளே கோயில் இன்னும் மூன்று. பின்னேரம் இரண்டரைக்கு வெளிக்கிட்டோம்.

பிரான்சில் வீதியின் வலப்பக்கமாக ஓட்டுவார்கள். இங்கே இடப்பக்கம். இரண்டு பேருடைய ஹெல்மெட்டுக்குள்ளும் பேசிக்கொள்ள ஒரு கருவி இருக்கிறது. போகும்போது ஸ்கூட்டரில் பெரியம்மாவுக்குப் பின்னால் இருந்த எனக்கு அவர் பக்கத்துக் கதை மட்டும் கேட்டது.

"இடப்பக்கம்... ஓம், இடப்பக்கம்... தெரியும் எண்டால் ஏன் நடுவால போறீங்கள்?... நான் கத்தேல்லை. இதுதான் என்ரை குரல்."

ஒவ்வொரு சந்தியிலும் இப்படித்தான். வழியிலுள்ள கப்பல்துறை ஊரைத் தாண்டும்வரை சிரித்துக்கொண்டே வந்தேன்.

யானையைப் பற்றி எல்லோரும் எச்சரித்திருந்தார்கள். யானை வரவில்லை. அறுவடை முடிகிற காலம் என்பதால் கோயில் வீதியின் ஒரு பாதியில் நெல் காயப் போட்டிருந்தார்கள். போகும்போது அது எங்களுக்கு வலப்பக்கம், பிரச்சினை இல்லை. திரும்பும்போது இடப்பக்கம். நெல்லில் ஏறக்கூடாது என்பதால் எல்லா வாகனமும் வலப்பக்கத்தால்தான் வரவேண்டும்.

திரும்பும்போது பெரிய மோட்டார் சைக்கிளில் வர ஆசைப்பட்டு நான் பெரியப்பாவுக்குப் பின்னால் ஏறிக்கொண்டேன். வழியில் தயிர்ச்சட்டி வாங்க ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு பெரியம்மா நின்றுவிட்டார். நாங்கள் மெதுவாக முன்னால் போனோம்.

"இப்பதான் அங்கை ஓடுற மாதிரிக் கிடக்கு" என்று பெரியப்பா சந்தோஷமாகச் சொன்னார். நெல்லை ஒட்டி வலப்பக்கமாகவே சந்திவரை வந்தோம்.

சந்தியில் திருகோணமலைக்கு வலது கைப்பக்கம் திரும்பவேண்டும். அந்தப் பெரிய கண்டி வீதியில் அந்த நேரம் ஒரு வாகனமும் இல்லை. பெரியப்பா திரும்பி, வலப்பக்கமாகவே போனார். பிழையான பக்கம் என்று எனக்குத் தெரிந்தது. சொல்ல வாய் வரவில்லை. இத்தனை வருடம் ஓட்டுகிற மனிதருக்கு நான் எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். அந்த யோசனைக்குள் வளைவில் பஸ் வந்துவிட்டது.

ஹோர்ன் சத்தம் நெஞ்சுக்குள் அடித்தது. பெரியப்பா இன்னும் வலப்பக்கம் வெட்டினார். சில்லு வீதியோரக் கிரவலில் வழுக்கி, வாய்க்கால் கரையில் போய் நின்றது. பஸ்ஸின் காற்று என் தோளில் பட்டது. மிதிபலகையில் தொங்கிய நடத்துநர் ஏதோ கத்திக்கொண்டு போனார்.

உழவு இயந்திரத்தில் வந்த ஒருவர் இறங்கி ஓடி வந்தார். "மகள், ஒண்டும் இல்லையே?" என்று என்னைக் கேட்டுவிட்டு பெரியப்பாவைப் பார்த்தார். "வெளிநாடா நீங்க?"

"பிரான்ஸ்."

"அங்க பஸ் இல்லையா?"

பெரியப்பா சிரிக்கவில்லை. உழவு இயந்திரக்காரர் போனபிறகு மெல்லிய குரலில், "பெரியம்மாட்டைச் சொல்லாதை பிள்ளை. சொன்னால் நாளைக்குப் பயணம் இல்லை. எத்தினை வருஷமா நினைச்சது" என்றார். நான் ஓம் என்று தலையாட்டினேன்.

வீட்டில் இராச்சாப்பாட்டுக்கு இடியப்பம். நாலரைக்கே புறப்பட்டால் வீதி காலியாக இருக்கும், சுகமாகப் போகலாம் என்று பெரியப்பா அப்பாவுக்குச் சொன்னார். எனக்கு அப்போதுதான் ஒன்று பிடிபட்டது. வாகனம் நிறைந்த வீதியில் அவர் ஒரு தரமும் வலப்பக்கம் போகவில்லை, முன்னால் போகிறவனைப் பார்த்துப் போய்விடுவார். காலி வீதியில்தான் பழைய பழக்கம் வந்தது. இருட்டில், காட்டு வழியில், காலி வீதி. பெரியம்மா பின்னால் வருவார். ஒன்றும் தெரியாமல்.

சாப்பிட்டபின் முற்றத்தில் மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தவரிடம் போனேன்.

"பெரியப்பா, நீங்கள் பெரியம்மாட்டைச் சொல்லுங்கோ. இல்லாட்டி நான் சொல்லுவன்."

"உனக்கென்ன தெரியும்? முப்பது வருஷமா ஓடுறன்."

"அங்கைதானே பெரியப்பா."

அவர் என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியவில்லை. துணியை உதறிவிட்டு உள்ளே போய்விட்டார். அவர் ஒன்றும் சொல்லாமலே அவர்கள் அறையில் விளக்கு அணைந்தால் நான் போய்த் தட்டுவது என்று நினைத்துக்கொண்டுதான் இதை எழுதத் தொடங்கினேன்.

இப்போது சுவருக்கு அந்தப் பக்கம் கதை கேட்கிறது. நெடுநேரமாகப் பெரியப்பாவின் குரல்தான். பிறகு பெரியம்மா, "பிள்ளை பின்னால இருந்ததோ?" என்று கேட்டார்.

"ஓம்."

கட்டில் கிரீச்சிட்டது, பெரியம்மா எழும்பி இருந்திருப்பார். பிறகு சொன்னார்: "எட்டு மணிக்கு வெளிக்கிடுவம். நான் முன்னால. நீங்கள் என்ரை பின் லைற்றை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. ஏலாது எண்டால் பஸ்ஸில போவம்."

பெரியப்பா, "சரி" என்றார்.

வெளிநாட்டிலிருந்து வந்து இங்கே மோட்டார் சைக்கிள் ஓட்ட நினைக்கும் வயதானவர்களுக்குச் சில வார்த்தை. நன்றாக வெளிச்சம் வந்தபின் புறப்படுங்கள். தேத்தண்ணிக்கோ கோயிலுக்கோ நிறுத்தி மறுபடி ஏறும்போதும், வலது கைப்பக்கம் திரும்பும்போதும் கவனம். மாசி, பங்குனியில் நெல் காய்கிற வீதியால் வந்தால், பெரிய வீதிக்கு ஏறுமுன் ஒருதரம் நின்று பாருங்கள். பின்னால் இருப்பவர் சின்னப்பிள்ளை என்றாலும், பிழை கண்டால் கத்தச் சொல்லி முதலே அனுமதி கொடுத்துவிடுங்கள். எனக்கு யாரும் கொடுத்திருக்கவில்லை.

காலையில் பெரியப்பாவுக்குத் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுக்கவேண்டியது நான்தான். என் முகத்தைப் பார்ப்பாரோ தெரியாது. பார்க்காவிட்டாலும் போகட்டும், பத்தாம் நாள் இரண்டு பேரும் இந்த வாசல் படலையால் உள்ளே வந்தால் சரி.