பெரியவளும் சின்னவளும் ஒரு பௌர்ணமியும்

இடைவேளை மணி அடித்ததும் பச்சையம்மாள் ரசீதுப் புத்தகத்தை மூடுகிறார். இழுப்பறையிலிருந்து நீள நோட்டு ஒன்றை எடுத்துப் பிரிக்கிறார். பச்சை மைப் பேனாவின் மூடியைப் பல்லால் கழற்றிக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பாமலே கேட்கிறார்: "சொல்லுங்க, இன்னிக்கு யாரு, இன்னா யோசனை?"

ஜன்னலுக்கு வெளியே எப்போதும் யாராவது நின்றுகொண்டுதான் இருப்பார்கள்.

வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் தனியார் பள்ளி ஒன்றில் முப்பத்தொரு வருடமாகக் கட்டணம் வாங்கும் எழுத்தர் அவர். அங்கே யாருக்கும் பென்ஷன் கிடையாது. அதனால் ஆசிரியர், ஆயா, வேன் டிரைவர் என்று எல்லோரும் மாதாமாதம் கொஞ்சம் கிள்ளி, ஓய்வுக்காலத்துக்கென்று உள்ள மியூச்சுவல் பண்டு ஒன்றில் போட்டு வருகிறார்கள். பங்குச் சந்தை நாலு நாள் சரிந்தால் போதும், பள்ளிக்கூடமே துக்க வீடு மாதிரி ஆகிவிடும். இன்றைக்கு எடுத்துவிட்டு அடுத்த மாதம் திரும்பப் போடலாம் என்பார் ஒருவர். தேர்தல் முடியட்டும் என்பார் மற்றொருவர். கொரோனா வருடத்தில் அப்படி எடுத்தவர்களில் பச்சையம்மாளும் உண்டு. பதினோரு மாதம் கழித்துத் திரும்பிப் போனபோது விலை எங்கேயோ போயிருந்தது.

"விக்கறதுக்கு ஒரு பயம் போதும் டீச்சரம்மா. திரும்ப வாங்கறதுக்குத்தான் புத்தி வேணும். அது எனக்கு இல்ல," என்று என்னிடம் சொன்னார். அவர் வீட்டுக்கு எதிர்வீடு என்னுடையது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற எனக்கு வேடிக்கை பார்ப்பதுதான் இப்போது வேலை.

அந்த வருடம் பிறந்ததுதான் நீள நோட்டு. அதில் இரண்டு பெண்கள் குடியிருக்கிறார்கள். ஓரகத்திகள். இருவருக்கும் ஒரே நாளில், ஒரே பண்டில், ஒரே தொகையைக் காகிதத்தில் கொடுப்பார் பச்சையம்மாள். பெரியவள் போட்ட பணத்தைத் தொடவே மாட்டாள். சின்னவள் யார் என்ன யோசனை சொல்கிறார்களோ அதன்படி விற்பாள், வாங்குவாள். கடந்த ஒன்பது வருடத்துத் தினசரி விலையை ஜெராக்ஸ் கடையில் அச்சடித்து, சணல் போட்டுக் கட்டி வைத்திருக்கிறார். அந்தக் கட்டை முதன்முதலாக வைத்த அன்று மேசையின் ஒரு கால் அரை அங்குலம் தரைக்குள் இறங்கியது. நம்பாதவர்கள் போய்ப் பார்க்கலாம், மேசை இன்றைக்கும் சாய்ந்துதான் நிற்கிறது.

யோசனை சொல்ல வருபவர் முதலில் அதை நோட்டில் தன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கணக்கு நடக்கும்போது நடுவில் வந்து, 'அந்த ஒரு மாதத்தை மட்டும் விட்டுவிடுங்கள்' என்று கெஞ்சினால் நடக்காது. கையெழுத்துப் போட்டவருக்கு ஒரு பிடி வறுத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, கூலி. கணக்கு ஆசிரியர் ராமகிருஷ்ணன், கடந்த இருநூறு நாள் விலையின் சராசரிக்குக் கீழே போனால் விற்பது என்று எழுதினார். தேர்தலுக்கு முந்தின மாதம் வெளியேறுவது சமையல்கார அம்மாவின் யோசனை. ஒரு வாரம் தொடர்ந்து இறங்கினால் வாங்கு என்று காவலாளி எழுதினார். பதினேழு யோசனைகளில் பதினாறில் பெரியவள் உட்கார்ந்த இடத்திலேயே ஜெயித்தாள். ராமகிருஷ்ணனுடையதில் மட்டும் சின்னவள் ஆறாயிரம் ரூபாய் முந்தினாள்.

"அதையும் சொல்லணும். மறைச்சா அப்புறம் இன்னாத்துக்கு நோட்டு?" என்று அதைத் தனியாகக் கட்டம் கட்டி வைத்திருக்கிறார். வரியைக் கழித்தால் அந்த ஆறாயிரமும் போய்விடுகிறது என்பதையும் அடியில் பொடி எழுத்தில் எழுதியிருக்கிறார். நியாயம் என்றால் அவருக்கு இரண்டு பக்கமும் ஓட வேண்டும்.

பதினெட்டாவதாக வந்தவர் மூர்த்தி. மூன்றாம் நம்பர் வேன் டிரைவர். ஐம்பத்தெட்டு முடிந்துவிட்டது, இன்னும் ஒன்றரை வருடத்தில் ஸ்டியரிங்கை விட வேண்டும். பண்டில் பதினோரு லட்சம் இருக்கிறது. அதை விட்டால் அவருக்கும் அவர் மனைவிக்கும் இருப்பது ஒரு வாடகை போர்ஷனும் ஒரு டேபிள் ஃபேனும்தான்.

"இந்த ஊர்ல பௌர்ணமின்னா லாட்ஜ் வாடகை ஏறுதாக்கா? ஏறுது. இளநி ஏறுது, எலுமிச்சம்பழம் ஏறுது, ஆட்டோ ஏறுது. பங்கு மட்டும் ஏறாதா? அமாவாசைக்கு வாங்கணும், பௌர்ணமிக்கு விக்கணும். அவ்ளோதான்."

"நிலா இந்த ஊருக்கு மட்டுமா மூர்த்தி காயுது?"

"மலை இங்கதானக்கா இருக்குது."

பச்சையம்மாள் நோட்டை அவர் பக்கம் நகர்த்தினார். மூர்த்தி கையெழுத்துப் போட்டு, மல்லாட்டை வாங்கிக்கொண்டு போனார்.

ஒரு மாதம் கணக்கு நடந்தது. பச்சையம்மாள் கிரிவல நேர அறிவிப்புகளைப் பழைய காலண்டர்களிலிருந்து தேடி எடுத்து, நூற்றுப் பதினோரு பௌர்ணமிகளையும் அத்தனை அமாவாசைகளையும் எழுதினார். ஐந்து லட்சத்தில் தொடங்கிய பெரியவள் பதினான்கு லட்சத்துக்குக் கொஞ்சம் கம்மியில் நின்றாள். சின்னவளோ பதினைந்தேகால் லட்சத்தையும் தாண்டிவிட்டாள். பச்சையம்மாள் கூட்டலை மூன்று முறை போட்டார். பிறகு, ஜெயித்தால் ஜெயித்ததாகச் சொல்ல வேண்டும் என்பது தன் சட்டமாயிற்றே என்று, இடைவேளையில் எல்லோருக்கும் கேட்கும்படி படித்தும் விட்டார். மூர்த்தியை வேனோடு சேர்த்துத் தூக்காத குறை. அடுத்த பௌர்ணமி அன்று, திதி தொடங்கியதும், பதினோரு லட்சத்தையும் விற்பதென்று முடிவு செய்தார் அவர். அதற்கப்புறம் மாதாமாதம் நிலா பார்த்துத்தான் வரவும் போக்கும்.

அந்தப் பௌர்ணமிக்கு முந்தின நாள் சாயங்காலம் என் வீட்டு வாசலில் நின்று பச்சையம்மாள் கேட்டார்: "டீச்சரம்மா, நாளைக்குக் காலைல பதினொன்னே முக்காலுக்குப் பௌர்ணமி ஆரம்பம். நாளான்னிக்கு மதியம் முடியுது. நோட்டுல எந்த நாளை எழுதறது?"

"இதுவரைக்கும் எந்த நாளை எழுதினீங்க?"

பச்சையம்மாள் வாசற்படியில் உட்கார்ந்தார். நோட்டைப் புரட்டினார். சில மாதம் திதி தொடங்கிய நாள். சில மாதம் முடிந்த நாள். விற்கும் பௌர்ணமிக்கு இரண்டு நாளில் விலை அதிகமாக இருந்த நாள், வாங்கும் அமாவாசைக்கு விலை குறைவாக இருந்த நாள். வேண்டுமென்று செய்ததில்லை. "என் கையி தானா லாபம் தெரியற பக்கம் சாஞ்சிருக்குது," என்றார்.

மறுநாள் விடுப்புச் சொல்லிவிட்டு, காலை ஐந்து மணியிலிருந்து கணக்கை முதலிலிருந்து போட்டார். இந்த முறை திதி தொடங்கும் நாள் மட்டும், வேறு எதுவும் இல்லை. கணக்கு முடியாமல் யாரிடமும் எதையும் சொல்லும் வழக்கம் அவருக்கு இல்லை; ஒரு மணிக்குத்தான் முடிந்தது. சின்னவள் ஒன்பது லட்சத்து எழுபதாயிரம். வரி போக அதிலும் கம்மி.

மூர்த்தியைப் போனில் பதினோரு தடவை கூப்பிட்டார். இந்தக் கதையை நான் சொல்லும்போது நாற்பது தடவை என்பது வழக்கம், ஆனால் அச்சில் பொய் சொல்லக் கூடாது. மூர்த்தி எடுக்கவில்லை. பௌர்ணமிதோறும் ரமணாசிரமத்தைத் தாண்டி, செங்கம் ரோட்டில் நீர்மோர்ப் பந்தலில் மோர் ஊற்றுவது அவர் பழக்கம். ஊற்றும்போது போன் சட்டைப் பைக்குள் ஊமையாகிவிடும். மூன்று மணிக்குள் விற்றால்தான் அன்றைய விலை. அதற்குள் அவரே போனை எடுத்து விற்றுவிடுவார்.

நாங்கள் இருவரும் ஏறிய ஆட்டோ போலீஸ் தடுப்பு வரைக்கும்தான் போனது. அதற்கு மேல் கிரிவலக் கூட்டம். நோட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு விறுவிறுவென்று நடந்த பச்சையம்மாளைப் பார்த்து, வெறுங்காலோடு வந்த ஒரு கிழவர், "செருப்போட வலமா? இன்னாம்மா அவசரம், மலை எங்கயாவது ஓடிடுமா?" என்றார். பச்சையம்மாள் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, கொதிக்கும் தாரில் அதே வேகத்தில் நடந்தார். நான் செருப்போடுதான் போனேன். மலை என்னை மன்னித்திருக்கும்.

பந்தலில் மூர்த்தி சொம்பும் கையுமாக நின்றார். வரிசையில் முப்பது பேர். மணி இரண்டு நாற்பது.

"வித்துட்டியா?"

"இப்பதான்க்கா, இந்த ஆளுங்களுக்கு ஊத்திட்டு..."

"விக்காத. என் கணக்கு தப்பு."

மோர் வழிந்து ஒருவர் கையில் கொட்டியது. முப்பது பேர் முன்னாலேயே பச்சையம்மாள் நடந்ததைச் சொன்னார், ஒன்று விடாமல்.

"ஸ்கூல் முழுக்கப் படிச்சீங்களேக்கா," என்றார் மூர்த்தி.

"நாளைக்கு இதையும் படிப்பேன்."

"சின்னவ என்னை நல்லா ஏமாத்திட்டா."

"அவ இன்னா பண்ணுவா? நான்தான் ரெண்டு நாளையும் காட்டி, நல்லதா பாத்து எடுத்துக்கடின்னு விட்டுட்டேன். என் பணத்தை நான் நிலா பாத்து மாத்தல பாரு, அப்பவே எனக்கு உறைச்சிருக்கணும். சீக்கிரம் வேணுங்கற பணத்தை மாசம் கொஞ்சமா எடுத்து பேங்க்ல போடு, அது நியாயம். நிலாவைப் பாத்து ஓடாத."

"மறுபடியும் வந்து மாத்திச் சொல்ல மாட்டீங்களே?"

"தப்புன்னு தெரிஞ்சா வந்து சொல்லுவேன்."

மூர்த்தி போனை எடுத்து அவரிடம் நீட்டினார். "மூணு மணி வரைக்கும் நீங்களே வச்சிருங்க. என் கை சும்மா இருக்காது."

பச்சையம்மாள் அதை முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகினார். சொம்பை வாங்கி வரிசைக்கு ஊற்றத் தொடங்கினார். வரிசை குறைந்ததும் மோர்ப் பானையின் மூடி மேல் நோட்டைப் பிரித்து, பதினெட்டாம் யோசனையின் அடியில் மூர்த்தி போட்ட கையெழுத்தைத் தேடி, அதற்குக் கீழே பச்சை மையில் 'கணக்கு தப்பு' என்று போட்டுத் தன் பெயரை எழுதினார். மோர் சொட்டிய விரல் பட்டு எழுத்து கலைந்தது. விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டு, அதே இடத்தில் இன்னொரு முறை, அழுத்தமாக, முழுப் பெயரையும் எழுதினார்.