விமானத்தில் ஏற்றிய சூறைப் பருத்தி

ஆடித்தபசு வந்துவிட்டால் போதும், எங்கள் ஊரில் யாராவது ஒருவர் அந்தக் கதையை எடுத்துவிடுவார். "அந்தக் காலத்துல ஜின்னிங் மில் முதலாளி ஆகாசத்துலருந்து கோமதியம்மாளுக்குச் சூறை விடப் பார்த்தாரு. எவனோ ஒரு பாவி தடுத்துட்டான்" என்பார்கள். அந்தப் பாவி நான்தான். இத்தனை வருஷம் ஆகியும் அந்த வார்த்தையைக் கேட்டால் என் வயிறு எரிகிறது. நான் எட்டாவது வரைதான் படித்தவன். எழுதிப் பழக்கமில்லை. ஆனாலும் நடந்ததை நடந்தபடி எழுதாவிட்டால் இந்த எரிச்சல் என்னோடு சுடுகாடு வரைக்கும் வரும் போலிருக்கிறது.

எழுபதுகளின் கடைசியில் நான் சங்கரன்கோவிலில் ஒரு பருத்தி அரைக்கிற மில்லில் ஃபிட்டராக இருந்தேன். முதலாளிக்குப் பறக்கிற ஆசை. எங்கேயோ ஒரு பறக்கும் கிளப்பில் ஓட்டக் கற்று, அங்கே கழித்துப் போட்ட பழைய விமானத்தை வாங்கி, லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். இரண்டே பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்காருகிற சின்ன விமானம். இறக்கை தலைக்கு மேலே இருக்கும். இரும்புக் குழாயும் மரச் சட்டமும்தான் எலும்பு; மேலே போர்த்தியிருப்பது வெறும் துணி. துணியின் மேல் ஒரு மருந்தைப் பூசினால் அது சுருங்கி, தவில் தோல் மாதிரி விறைத்துக்கொள்ளும். மேலநீலிதநல்லூர் போகிற பாதையில் முதலாளிக்கு இருந்த தரிசு நிலத்தைச் சமப்படுத்தி ஓடுபாதை போட்டார்கள். ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகை. மில் வேலை போக, அந்தக் கொட்டகை என் பொறுப்பு.

விமானம் பறக்கலாம் என்று கையெழுத்துப் போடுகிற இன்ஜினியர் மதுரையிலிருந்து வருவார். எது எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று அவர் சொல்லிக்கொடுத்திருந்தார். ஆயில் மாற்றுவது, பிளக்கைத் துடைப்பது, டயரில் காற்றுப் பார்ப்பது, கப்பிகளுக்கு கிரீஸ் வைப்பது, இவ்வளவுதான் என் வேலை. இன்னொன்றும் உண்டு. அந்த விமானத்துக்கு செல்ஃப் ஸ்டார்ட்டர் கிடையாது. முன்னால் நின்று விசிறியைக் கையால் இழுத்து விட்டால்தான் இன்ஜின் பிடிக்கும். இழுத்த கையோடு பின்னால் நகர்ந்துவிட வேண்டும். ஒரு அடி தவறினால் கை இருக்காது. "சங்கரநாராயணா" என்று சொல்லித்தான் நான் ஒவ்வொரு தடவையும் அதைத் தொடுவேன்.

பழைய விமானம் என்றால் செலவு வைத்துக்கொண்டே இருக்கும். ஆனால் முதலாளிக்கு வெளியே தெரிகிற செலவுதான் பிடிக்கும். இறக்கைத் துணி நைந்துவிட்டது, மாற்றவேண்டும் என்று இன்ஜினியர் சொன்னபோது, "ஊரு முழுக்கத் தறி ஓடுது. நம்ம ஊரு காடாத் துணியை ஒட்டுனா பறக்காதா?" என்று கேட்டார். இன்ஜினியர் சிரிக்கவில்லை. "பறக்கும். எறங்குமான்னுதான் தெரியாது" என்றார். அதற்குப் பிறகுதான் முறையான துணி வந்தது. ரேடியோ வந்தது. மஞ்சள் பெயின்ட் வந்தது. கடைசியாக இருக்கைகளுக்குச் சிவப்பு ரெக்ஸின் தைக்க பஸ்ஸுக்கு சீட் தைக்கிற ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள்.

அங்கேதான் வினை. விமானத்தை ஏற்றி இறக்குவது, ஓட்டுகிறவரின் கால்களுக்கு நடுவே நிற்கிற ஒரு தடி. ஸ்டிக்கு என்போம். அது தரைப்பலகையில் இருக்கிற ஓட்டை வழியாகக் கீழே இறங்கும். அங்கிருந்து கம்பி வடங்கள் கப்பிகளின் மேல் ஓடி வால் வரைக்கும் போகும். அந்த ஓட்டையை மூடி, ஸ்டிக்கோடு சேர்த்து, ஒரு தோல் உறை இருந்தது. அது அழுக்காக, கிழிசலாக இருக்கிறது என்று சீட் தைக்க வந்தவர் அறுத்து எறிந்துவிட்டார். புது ரெக்ஸின் பளபளக்கிறது. நடுவில் ஓட்டை வாயைத் திறந்துகொண்டு கிடக்கிறது. நானே ஒரு துணியைச் சுற்றிவிடலாம்தான். ஆனால் ஸ்டிக்கு எந்தப் பக்கமும் தடையில்லாமல் முழுசாகப் போய் வரவேண்டும். அதோடு எதைக் கட்டினாலும் தான் பார்க்காமல் கட்டக்கூடாது என்று இன்ஜினியர் சொல்லியிருந்தார். அடுத்த முறை வரும்போது உறை கொண்டுவருவதாக அவர் சொல்லி அனுப்பினார். அதற்குள் ஆடி பிறந்துவிட்டது.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். ஆடித்தபசு அன்று, ஒற்றைக்காலில் தவம் இருந்த அம்மாளுக்கு சுவாமி சங்கரநாராயணராகக் காட்சி கொடுப்பார். அப்போது சம்சாரிகள் தங்கள் நிலத்தில் விளைந்ததை, பருத்தியோ வத்தலோ கம்போ, கொண்டுவந்து அம்மாள் சப்பரத்தின் மேல் வீசுவார்கள். அதற்குச் சூறை விடுதல் என்று பெயர். பருத்தியால் சோறு தின்கிறவன் பருத்திதான் வீசவேண்டும். முதலாளி வருஷா வருஷம் எல்லாரோடும் கூட்டத்தில் நின்று வீசியவர்தான். அந்த வருஷம், "ஆகாசத்துலருந்து விடப்போறேன்" என்று சொல்லிவிட்டார். மேலே பேசி அனுமதி வாங்கியாகிவிட்டது என்றார்.

எனக்கும் முதலில் மெய் சிலிர்த்தது. அம்மாளுக்கு வானத்திலிருந்து சூறை என்றால் யாருக்குத்தான் சந்தோஷம் இருக்காது? பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வீசுகிற ஆளாக என் மச்சினனைத் தேர்ந்தெடுத்தார்கள். என் மனைவியின் ஒரே தம்பி. தாய் இல்லாத பிள்ளை, அவள்தான் வளர்த்தாள். எங்கள் வீட்டிலேயே இருந்துகொண்டு அதே மில்லில் மூடை தூக்கிக்கொண்டிருந்தான். அன்றிலிருந்து அவன் கால் தரையில் பாவவில்லை.

முன்கூட்டியே ஒருநாள் ஒத்திகை பார்த்தார்கள். விமானம் ஒரு சுற்றுச் சுற்றிப் பருத்தியைத் தூவிவிட்டு வந்தது. இறங்கியதும் முதலாளி, "ஸ்டிக்கு கொஞ்சம் பிடிக்கிற மாதிரி இருக்குவே, என்னன்னு பாரும்" என்றார். பலகையைக் கழற்றினேன். கீழே இரண்டு கை கொள்ளும் அளவுக்குப் பருத்தி. கதவைத் திறந்ததும் காற்று உள்ளே சுழன்று, வீசியதில் பாதியை உள்ளேயே தள்ளியிருக்கிறது. அது அந்த ஓட்டை வழியாக இறங்கியிருக்கிறது. கப்பியில் பஞ்சு நூல்நூலாகச் சுற்றிக்கொண்டு கிடந்தது. கப்பிக்கும் வடத்துக்கும் நடுவே ஒரு பருத்திக்கொட்டை சிக்கி நசுங்கியிருந்தது. இன்னும் கொஞ்சம் சேர்ந்திருந்தால் ஸ்டிக்கு அசைந்திருக்காது. மூக்கு கீழே போனால் போனதுதான்.

கையில் அள்ளிக்கொண்டு போய்க் காட்டினேன். முதலாளி அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "சரிவே. பருத்தி வேண்டாம். பூ மட்டும் விடுவோம். அதையும் கூடையை வெளியே நீட்டிக் கவுத்துருவோம்" என்றார். நான் அவர் வார்த்தையை நம்பினேன். கப்பிகளைச் சுத்தம் செய்து, கிரீஸ் வைத்து, பலகையை மூடினேன்.

தபசு அன்று காலையில் கோவிலைச் சுற்றி வந்து, புற்றுமண் இட்டுக்கொண்டு, விரதத்தோடு கொட்டகைக்குப் போனேன். மத்தியானத்துக்கு மேல் முதலாளியின் கார் வந்தது. கூடவே மில் லாரி. லாரியிலிருந்து என் மச்சினன் இறக்கியது பூக்கூடை இல்லை. பருத்தி அடைத்த பெரிய சாக்குகள், தாட்டு என்போம். இருக்கைக்குப் பின்னால் இருந்த இடம் முழுக்கத் திணித்து, காலடியிலும் வாயைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தான்.

"முதலாளி, பூன்னுல்லா சொன்னீங்க?" என்றேன்.

"யோசிச்சுப் பாத்தேன்வே. நான் பூ வியாபாரியா? பருத்தி யாவாரி பருத்தியில்லாம என்னத்தச் சூறை விட? ஊரு சிரிக்காதா?"

"ஊரு சிரிச்சாச் சிரிச்சிட்டுப் போகுது. அன்னைக்குக் கப்பியில இருந்ததை உங்க கையிலதான தந்தேன்?"

"அன்னைக்குத்தான் நல்லபடியா எறங்குனோமே. சாமி காரியம். அவ பாத்துக்கிடுவா."

அந்தச் சொல்தான் என்னைக் கொளுத்திவிட்டது. அவள் பார்த்துக்கொள்வாள் என்று நானும் தினமும் சொல்கிறவன்தான். ஆனால் நான் நட்டை முறுக்கிவிட்டுச் சொல்கிறேன். முறுக்காமல் விட்டுவிட்டு அவள் தலையில் கட்டுவது பக்தி இல்லை. ரெக்ஸினுக்கு ஆள் பிடிக்கத் தெரிந்தவருக்கு ஓர் உறை வந்துசேரும் வரை பொறுக்கத் தெரியவில்லை. பொறுக்காததற்கு அம்மாள் பெயர். அதுவும் ஆடிக் காற்று அன்று மேற்கே கணவாயிலிருந்து பிய்த்துக்கொண்டு அடிக்கிறது. கொட்டகைத் தகரம் தடதடக்கிறது.

"நான் விசிறியை இழுக்கமாட்டேன்" என்றேன்.

முதலாளி ஏறி உட்கார்ந்துவிட்டார். என் பேச்சு அவருக்கு விளையாட்டாகத் தெரிந்தது போல. "இழும்வே, நேரமாகுது" என்றார். நான் அசையவில்லை. லாரி டிரைவரைக் கூப்பிட்டார். அவர் விசிறியையும் பார்த்தார், தன் கையையும் பார்த்தார். "எனக்குப் பிள்ளகுட்டி இருக்கு முதலாளி" என்று சொல்லிவிட்டு லாரிக்குப் பின்னால் போய் பீடி பற்றவைத்துக்கொண்டார்.

மச்சினன் இறங்கி வந்தான். புதுச் சட்டை, நெற்றி நிறையத் திருநீறு.

"அத்தான், என்ன செய்யுதிய? ஊரே மேல பாத்துக்கிட்டு நிக்கி."

"நிக்கட்டும். நீ அந்தப் பருத்தியை இறக்கு. அப்புறம் இழுக்கேன்."

"ஒமக்கு வயித்தெரிச்சல். இத்தன வருசமா கிரீஸு போட்டும் ஒம்மை ஒரு தரம் ஏத்தல. என்னைய ஏத்துதாங்கல்லா, அதான்."

"ஏலே, அந்தப் பலகைக்கு அடியில என்ன கெடந்துச்சுன்னு நீ பாத்தேல்ல?"

"பாத்தேன். ரெண்டு கொட்டை. மில்லுல தெனமும் மூக்குக்குள்ள போறதைவிடக் கம்மி. தள்ளும், நானே இழுக்கேன்."

அவனுக்கு அதைத் தொட்டுப் பழக்கமில்லை. செருப்பு வேறு போட்டிருந்தான். அவன் விசிறியில் கை வைக்கவும் நான் அவன் கையைத் தட்டிவிட்டு, விசிறியின் குறுக்கே மார்பை வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். வெயிலில் கிடந்த மரம் நெஞ்சில் சுட்டது. "முதலாளி, சுவிட்சை ஆஃப் பண்ணுங்க!" என்று கத்தினேன். நான் அவரைப் பார்த்துக் கத்தியது அதுதான் முதல் தடவை. அவர் ஆஃப் செய்தார்.

பிறகு என்னென்னவோ பேசினார்கள். உனக்கு ஏது இவ்வளவு திமிர் என்றார் முதலாளி. மில் வாசலை இனி மிதிக்காதே என்றார். கடைசியில் கொஞ்சம் தணிந்து, "ஒரே ஒரு தாட்டு மட்டும் வைச்சுக்கிடுதேன்வே, மத்ததை இறக்கிருதேன்" என்று இறங்கியும் வந்தார். பேரம் பேசுகிற விஷயமா இது? நான் கையை எடுக்கவில்லை. மச்சினன் அழுதான். நிஜமாகவே அழுதான், சின்னப் பிள்ளை மாதிரி. "கோமதியம்மா பாக்குதா, நீரு தடுக்கீரு" என்று சொல்லிச் சொல்லி அழுதான். அப்போதும் என் மனசு இளகவில்லை. கோபம்தான் வந்தது. அவனை அப்படி அழவைத்தது நான் இல்லை. காலடியில் சாவை அவிழ்த்து வைத்துக்கொண்டு அதற்குச் சாமி பெயர் சொல்லிக்கொடுத்தவர் அழவைத்தார்.

வெயில் சாய்ந்தது. ஊர்ப் பக்கமிருந்து வேட்டுச் சத்தம் வரிசையாகக் கேட்டது. காட்சி கொடுத்தாகிவிட்டது. நான் விசிறியை விட்டுவிட்டு, அந்தத் திசை பார்த்து அங்கேயே தரையில் விழுந்து கும்பிட்டேன். எழுந்தபோது காரும் இல்லை, லாரியும் இல்லை. என் சைக்கிளில் யாரோ காற்றைப் பிடுங்கிவிட்டிருந்தார்கள். யார் என்று எனக்குத் தெரியும்.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தேன். மனைவி வாசலில் நின்றாள். அவளுக்குச் செய்தி எனக்கு முன்னாலேயே வந்துவிட்டது. "எந்தம்பி பெட்டியத் தூக்கிட்டுப் போயிட்டான். ஒங்களுக்கு வேலையும் போயிட்டு. அம்மா காரியத்துல கைய வச்சா இப்படித்தான்" என்றாள். "உன் தம்பி நடந்துதானட்டி போனான், நாலு பேரு தூக்கிட்டா போனாங்க?" என்று கேட்டேன். அவள் உள்ளே போய்விட்டாள்.

சிவகிரியில் ஒரு அரிசி மில்லில் வேலை கிடைக்கும்வரை ரொம்பச் சிரமப்பட்டோம். முதலாளி அடுத்த ஆடிக்குள் விமானத்தை யாருக்கோ கொடுத்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். ஒருமுறை கோவில் பிரகாரத்தில் எதிரே வந்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டு, பக்கத்தில் வந்தவரிடம் எனக்குக் கேட்கும்படியாக, "அம்மாளுக்கே குறுக்க நின்ன ஆளு" என்றார். அந்த இடத்தில் சண்டை போடக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு போனேன்.

மச்சினன் எங்கள் மகள் கல்யாணத்துக்குத்தான் மறுபடியும் வீட்டுப்படி ஏறினான். இப்போது அவனுக்கும் தலை நரைத்துவிட்டது. வருகிறபோதெல்லாம் பேரப்பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்துக்கொண்டு அதே கதைதான். போன ஆடியிலும் சொன்னான். பந்தியில் உட்கார்ந்து, வடையைக் கடித்துக்கொண்டே, "நான் அன்னைக்கு ஆகாசத்துல போயிருக்க வேண்டியவன் மக்கா. இந்தா இருக்காரே, இந்த மனுசன்தான் பொறாமையில கெடுத்துட்டாரு" என்றான். பிள்ளைகள் சிரித்தன. நான் பாதிச் சாப்பாட்டில் இலையை விட்டு எழுந்துவிட்டேன்.

"சாப்பிட்டுட்டுக் கோவப்படுங்க" என்றாள் மனைவி.

நான் உட்காரவில்லை. அவள் பாயசச் சட்டியை எடுத்துக்கொண்டு தம்பி பக்கம் போனாள். அவன் போதும் போதும் என்று கையை நீட்டி மறிக்க மறிக்க, "உக்காந்து திங்க நீ இருக்கேல்ல, தின்னுலே" என்று இலை வழிகிற மாதிரி ஊற்றினாள்.