போனுக்குள் மாட்டிக்கொண்ட படம்

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். கோணல்மாணலாகத்தான் எழுத வரும், பாதி மறந்தும் போகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

கட்டாரில் வீட்டு வேலை செய்யும் என் மகள், போன லீவில் எசமானியம்மாவின் பழைய போனை எனக்குக் கொண்டுவந்தாள். விலை கூடிய கம்பனி. அவளிடமும் அதே கம்பனி போன்தான். தொட்டால் போதும், பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுபோல் முகம் வரும். அதற்காகத்தான் மற்றதையெல்லாம் சகித்தேன். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் யாருடைய சார்ஜரும் அதற்குப் பொருந்தாது. பக்கத்துக் காம்பரா வீட்டுப் பிள்ளைகள் தங்களுக்குள் படம் மாற்றிக்கொள்வார்கள். என் போனிலிருந்து ஒன்றும் போகாது. தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தபோதும் இப்படித்தானே இருந்தோம். வீடு தோட்டக் கம்பனிக்காரர்களுடையது, மருந்து அவர்களுடையது, வெளியே போனால் எதுவும் கூட வராது.

என் வீட்டுக்காரரின் முதல் திவசம் வந்தது. அவருடைய நல்ல படம் ஒன்றே ஒன்று, அதுவும் இந்தப் போனில். யாரிடமும் கேட்கக் கூச்சப்பட்டு நாளைக் கடத்திவிட்டு, திவசத்துக்கு முதல் நாள்தான் பதுளை டவுன் ஸ்டூடியோவுக்குப் போனேன். கம்பியூட்டருக்குப் போனதும் படம் முத்திரை அளவுக்குச் சுருங்கியது.

“பெரிய படம் இதுல இல்லம்மா. கம்பனிக்காரன் அவன் பெட்டகத்துல வச்சிருக்கான். பாஸ்வேர்ட் போட்டாத்தான் தருவான்” என்றார் ஸ்டூடியோக்காரர்.

மகளுக்குப் போன் எடுத்தேன். “உங்க பிறந்த தேதிதாம்மா” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாள்.

அடையாள அட்டையில் உள்ளதைப் போட்டேன். பிழை. அது தோட்டத்து ஆபீசில் எழுதிய தேதி. என் அம்மா சொன்ன தேதியைப் போட்டேன். அதுவும் பிழை. ஒரு நாள் முன்னே பின்னே இருக்குமோ என்று மாற்றிப் போட்டேன்.

“ஏம்மா, எத்தன தடவதான் பிறந்தீங்க?” என்றார் ஸ்டூடியோக்காரர்.

பெட்டகம் பூட்டிக்கொண்டது. இனி நாளைக்குத்தான் கேட்குமாம். பிறகு அவரே மனமிரங்கி, போன் திரையில் தெரிந்த படத்தைத் தன் கெமராவால் எடுத்துப் பெரிதாக்கித் தந்தார். கடை டியூப்லைட்டின் வெளிச்சம் படத்தில் என் வீட்டுக்காரர் நெற்றியில் வெள்ளைக் கோடாய் விழுந்திருந்தது.

திவசத்தன்று நாத்தனார் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். “உசிரோட இருக்கையில அண்ணன் துண்ணூறு பூசல. இப்பயாவது பூசவச்சிட்டீங்களே, அண்ணி.”

எனக்கு எரிச்சலாய் வந்தது.

அன்று மாலை மகள் அழைத்தாள். எந்தத் தேதியைப் போட்டாள் என்று அவளுக்கே ஞாபகமில்லையாம். “வேற போன் வாங்கித் தரவாம்மா?”

“சும்மா இரு” என்றேன். வேறு போன் வாங்கினால் அவள் அப்பா அந்தக் கம்பனிப் பெட்டகத்திலேயே கிடப்பார் என்று அவளுக்குத் தெரியவில்லை.

போன் சங்கதியில் தப்பாக எழுதியிருப்பேன். விவரம் தெரிந்தவர்கள் யாராவது ஒருமுறை பார்த்துத் திருத்திவிடுங்கள்.