ஒரே ஞாயிறில் ஒரு வாரப் பயிற்சி

சட்டை தைக்கும் கம்பெனியில் அவளை எல்லோரும் வாயாடி என்றுதான் கூப்பிடுவார்கள். காலர் தைப்பதில் அவளுக்கு நிகர் அங்கே யாரும் இல்லை. ஆனால் மாதவிடாயின் முதல் நாள் அந்த வாய் திறக்காது. அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு வீட்டில் சுருண்டு படுத்துவிடுவாள். காலர் வராமல் மொத்த லைனும் காத்திருக்கும்.

"இன்னொரு தடவை இப்படி லீவு போட்டா, மெஷின் கிடையாது, நூல் பிசிறு வெட்டுற மேசைதான்" என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார்.

டாக்டரம்மா சோதித்துப் பார்த்துவிட்டு, வேறு கோளாறு எதுவும் இல்லை என்றார். "தினமும் வேகமா நட. இடுப்பையும் தொடையையும் நீட்டி மடக்கு. வலி கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறையும்."

கம்பெனியில் வாரம் முழுக்கத் தேங்கிய பீஸை ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைமில் முடித்துக் கொடுப்பது வழக்கம். பயிற்சியையும் அவள் அப்படியே செய்தாள். வாரத்துக்கானதை ஞாயிறு காலையில் ஒரே மூச்சில் முடித்தாள். திங்களன்று மெஷின் பெடலை மிதிக்கக் கால் எழவில்லை.

வீட்டில் அண்ணி விழுந்து விழுந்து சிரித்தாள். "ஏழு நாள் சோத்தையும் ஒரே வேளையில தின்னுடுவியாடி?"

"சிரிக்காதீங்க அண்ணி. என் மெஷின் போயிடும்."

"நாளையிலிருந்து நானும் வரேன். எனக்கும் இடுப்புன்னு ஒண்ணு இருந்துச்சு, தேடிப் பார்ப்போம்."

மாலையில் அவள் ஒரு நிறுத்தம் முன்னாலேயே பேருந்தை விட்டு இறங்குவாள். அண்ணி அங்கே காத்திருப்பாள். இருவரும் வேகமாக நடந்து வந்து, சமையலறையில் பாய் விரித்து, முழங்காலை மார்போடு அணைத்துப் படுப்பார்கள். தண்ணீர் குடிக்க வரும் அண்ணன் இருவரையும் தாண்டித்தான் போக வேண்டும்.

"என்ன, ரெண்டு கரப்பான் கவுந்து கிடக்கு?"

"மூணாவதா நீங்களும் வாங்க" என்பாள் அண்ணி.

அடுத்த மாதம் வலி அசைந்து கொடுக்கவில்லை. லீவு போட்டாள், சொன்னபடியே மேசைக்கு அனுப்பினார்கள். அன்று அழுதுவிட்டுப் பாயைச் சுருட்டி வைத்தாள். அண்ணி அதை மறுபடி விரித்தாள்.

அதற்கடுத்த மாதம் சற்றுக் குறைந்தது. லீவு போடாமல் மேசையைப் பிடித்துக்கொண்டு ஒப்பேற்றினாள். மூன்றாம் மாதம் வலி வந்தது, ஆனால் ஆளைச் சாய்க்கவில்லை. மாலைவரை பிசிறு வெட்டிவிட்டு நேராக சூப்பர்வைசரிடம் போனாள்.

"சார், இன்னைக்கு எனக்கு முதல் நாள். நின்னுக்கிட்டிருக்கேன், பார்த்துக்கங்க."

கத்தரிகள் எல்லாம் நின்றன. அவர் காது சிவந்து, "சரிம்மா, சரி, நாளைக்குக் காலர்ல உட்காரு" என்றார்.

"வேலை முடிய இன்னும் அரை மணி நேரம் இருக்கு சார்" என்று அவள் அப்போதே போய் உட்கார்ந்துவிட்டாள்.