பச்சை ரோஜாவுக்கு ஒரு திருட்டுக் கம்பு

அது பூ என்று சொன்னால் என் வீட்டிலேயே யாரும் நம்பவில்லை. இதழே கிடையாது. மற்ற ரோஜாவில் மொட்டை மூடியிருக்கும் பச்சைத் தோடு இருக்கிறதல்லவா, இதில் பூ முழுக்க அந்தத் தோடுதான். அடுக்கடுக்காக, நீட்டு நீட்டாக, ஓரமெல்லாம் பல் பல்லாக. நாளாக ஆக ஓரம் மட்டும் கொஞ்சம் செம்பு நிறத்துக்குப் போகும். உதிர்வதும் இல்லை, வாரக்கணக்கில் அப்படியே இருக்கும்.

பொன்முடி மலைக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, வித்துராவுக்குப் பக்கத்தில் ஒரு நர்சரியில் அதைப் பார்த்தேன். மனைவி ஆந்தூரியம் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மூலையில் கிடந்த ஒரு செடியைக் காட்டி, எப்போது விரியும் என்று அங்கிருந்த அம்மாவிடம் கேட்டேன்.

"விரிஞ்சாச்சு. இதான் பூவு. ஆரும் வாங்கில்ல."

குனிந்து முகர்ந்தேன். மிளகு வாசனை. முப்பது வருடமாக ஆரியசாலைக் கடைத்தெருவில் மிளகும் மல்லியும் மொத்த வியாபாரம் செய்கிறவன் நான். மூக்கு விஷயத்தில் என்னை ஏமாற்ற முடியாது. அந்தக் கணமே செடி என்னுடையதாகிவிட்டது.

"காசு குடுத்து இலை வாங்கிட்டு வந்திருக்கியளே" என்று மனைவி கரமனையில் எங்கள் வீடு வந்து சேரும்வரை சிரித்தாள். சாமிக்கும் வைக்க மாட்டாள், தலையிலும் வைக்க மாட்டாள்.

அதை ரசித்த ஒரே ஆள் பக்கத்து வீட்டு சார். ஓவர்சியராக இருந்து ரிட்டயர் ஆனவர், மலையாளி. பதினோரு வருடமாக எங்களுக்குள் ஒரு பழக்கம் இருந்தது. காலை எட்டு மணிக்கு என் தமிழ்ப் பேப்பர் மதிலைத் தாண்டி அந்தப் பக்கம் போகும், அவருடைய மலையாளப் பேப்பர் இந்தப் பக்கம் வரும். அவருக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும். ஆனாலும் ஒரு நாள் விடாமல் வாங்கிப் படிப்பார். பேப்பரோடு ஊர்க்கதையும் மதில் தாண்டும். கடையில் யாரிடமும் பேசாததையெல்லாம் நான் அவரிடம் பேசியிருக்கிறேன்.

பச்சை ரோஜா வந்த பிறகு தினமும் மதில் மேலே எக்கி, ஒரு பூவைப் பிடித்து முகர்ந்துவிட்டுத்தான் பேப்பரை நீட்டுவார். ஒருநாள் கேட்டேவிட்டார்.

"அண்ணாச்சி, ஒரு கம்பு தரணும் கேட்டோ."

எனக்குக் கொடுக்க மனசில்லை. ஊரில் யாரிடமும் இல்லாத செடி என்னிடம் மட்டும் இருக்கட்டும் என்ற அற்ப ஆசை, வேறொன்றுமில்லை. அதை முகத்துக்கு நேரே சொல்ல முடியுமா? நைசாக ஒன்றை எடுத்துவிட்டேன்.

"கேட்டு வாங்குற கம்பு வேர் விடாது சார். எங்க பக்கமெல்லாம் அப்படித்தான் சொல்லுவாங்க. திருடி வச்சாத்தான் துளிர்க்கும்."

"அங்ஙனே உண்டோ?" என்று சிரித்தார். தப்பித்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

பத்து நாள் கழித்துத் தண்ணீர் ஊற்றப் போனபோது, மதிலோரக் கிளை ஒன்றில் கம்பு இல்லை. சரிவான வெட்டு, ஒரு பிசிறு கிடையாது. கைத்தொழில் தெரிந்த ஆளின் வேலை. மதிலுக்கு அப்பால் சார் பேப்பரில் முகத்தைப் புதைத்திருந்தார். தலையைத் தூக்கவே இல்லை.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில்தான் இருக்கும். உள்ளே போய்க் குதித்தேன்.

"படிச்ச மனுசன் செய்யுற வேலையா இது?"

"நீங்கதான திருடச் சொன்னிய?" என்றாள் மனைவி, தோசையைத் திருப்பிப் போட்டபடி.

அவள் சொன்னது உண்மை. அதனாலேயே கோபம் இரட்டிப்பானது. மறுநாள் பேப்பரை மதிலில் வைக்கவில்லை. அவர் வைத்ததை நான் எடுக்கவுமில்லை. மூன்று நாள் பார்த்துவிட்டு அவரும் நிறுத்திவிட்டார்.

அதோடு விட்டேனா? இன்னொரு கம்பு போய்விடக் கூடாது என்று, நன்றாக வெயில் வாங்கி நின்ற செடியைப் பெயர்த்துக் கொல்லைப்புறம் துவைகல் பக்கத்தில் கொண்டு வைத்தேன். யார் கண்ணும் படாத இடம். ஜூன் மழை பிடித்தபோதுதான் அந்த இடத்தின் லட்சணம் தெரிந்தது. தண்ணீர் வடியவே இல்லை. வேர் அழுகிவிட்டது. அந்தச் செடிக்கு விதை கிடையாது, கம்பு ஒன்றுதான் வழி. சாகிற செடியிலிருந்து ஆறு கம்பு வெட்டி வைத்தேன். ஆறும் கறுத்துப் போயின. வித்துராவுக்கே பஸ் ஏறிப் போனேன். யாரும் வாங்காததால் பிடுங்கிப் போட்டாச்சு என்றார் அந்த அம்மா. திரும்பி வரும்போது பஸ்ஸில் அழுகை வந்தது. ஒரு செடிக்காக ஒரு கிழவன் அழலாமா என்றால், அழலாம். என் கையால்தானே கொன்றேன்.

ஓணத்துக்கு முந்தின வாரம், மாடியில் வேட்டி உலர்த்திக்கொண்டிருந்தேன். கீழே அவர் முற்றத்தில், செம்பருத்திக்கும் குரோட்டனுக்கும் நடுவில், சார் குனிந்து எதையோ முகர்ந்தார். பூ எதுவும் கண்ணில் படவில்லை. மனுசன் எதற்கு இலையை முகர்கிறார்?

பிறகு தெரிந்தது. உடைந்த வாளி ஒன்றில், வாளியோடு சேர்த்து இடுப்பு உயரத்துக்குப் பச்சை ரோஜா. ஏழெட்டுப் பூ. எத்தனை நாளாகப் பூத்துக்கொண்டிருந்ததோ, தினமும் பார்த்தும் இலை என்றே நினைத்திருக்கிறேன்.

"போய்க் கேளுங்க. கேட்டா வாயிலேர்ந்து முத்தா உதிர்ந்துரும்?" என்றாள் மனைவி.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, கடையிலிருந்து எடுத்து வைத்த நல்லமிளகு கால் கிலோவைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் கேட்டைத் திறந்தேன். மதில் வழியாகவே பேசிப் பழகியவன், கேட் வழியாகப் போனது அபூர்வம்.

"சார், என் செடி போச்சு" என்றேன். "தப்பு என் மேலதான். ஒரு கம்பு வேணும்."

பொட்டலத்தை வாங்கி முகர்ந்தார்.

"கேட்டு வாங்கினா வேரு பிடிக்கில்லல்லோ அண்ணாச்சி."

உள்ளே போய்விட்டார். எனக்குச் செருப்பால் அடித்தது போல இருந்தது. வேண்டியதுதான் என்று திரும்பினேன். கேட்டில் கை வைத்தபோது பின்னால் கதவு திறந்தது. கத்தரியையும் மடித்த அன்றைய மலையாளப் பேப்பரையும் படியில் வைத்தார். என்னைப் பார்க்காமல், வானத்தைப் பார்த்து உரக்கச் சொன்னார்.

"ஞான் குளிக்கப் போறேன். அரை மணிக்கூர் ஆகும்."

கதவைச் சாத்திக்கொண்டார். நான் வாளியருகே உட்கார்ந்தேன். கண் கலங்கி எந்தக் கம்பு என்றே தெரியவில்லை. கிட்டே இருந்த ஒன்றில் கத்தரியை வைத்தேன்.

"அதல்ல அண்ணாச்சி! அது பிஞ்சு!"

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சார் நின்றிருந்தார். தலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

"தாழே உள்ளது, பென்சில் கனம். சரிச்சு வெட்டணும். ரெண்டெண்ணம் எடுத்தோ, ஒண்ணு போனாலும் ஒண்ணு இருக்கட்டே."

"சரி சார்" என்று திருடன் பதில் சொன்னான்.