அக்காவுக்கு மட்டும் ஈரல்

"அயர்ன் எடுத்துக்கொள்கிறீர்களா?" என்று லண்டன் மருத்துவமனையில் பேறுகாலம் பார்க்கும் மிட்வைஃப் ஹெலன் கேட்டபோது, துணி தேய்ப்பதைக் கேட்கிறாள் என்று நினைத்து, "ஞாயிற்றுக்கிழமையில் என் கணவர் செய்வார்" என்றேன். அவள் குழம்பிப்போய், இரும்புச்சத்து மாத்திரையை எடுத்துக் காட்டினாள். ஆரஞ்சுச் சாற்றோடு விழுங்க வேண்டுமாம். தேநீர் கூடவே கூடாதாம், அது இரும்பை உடம்பில் சேரவிடாதாம். என்னைப் போலவே காத்திருந்த வெள்ளைக்காரக் கர்ப்பிணிகளைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறெரிந்தது. மயங்கி விழும் முன்பே இவர்களின் ரத்தத்தைச் சோதிக்க ஆள் இருக்கிறது.

என் அக்கா மல்லிகா மாசமாக இருந்தபோது, தியாகதுருகத்தில் களையெடுக்கையில் வயலிலேயே சாய்ந்தாள். அவள் வெளுத்திருக்கிறாள் என்று அம்மா ஏற்கெனவே ஆட்டு ஈரல், முருங்கைக்கீரை, வெள்ளிமலைக் கேழ்வரகு என்று அவள் தட்டிலேயே கொட்டிக்கொண்டிருந்தாள். நானும் வெளுப்புதான். எனக்கு வெறும் குழம்பு. அது இடஒதுக்கீட்டு மறியல் நடந்த சமயம், கள்ளக்குறிச்சி சாலையில் புளியமரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். மறியல்காரர் ஒருவர் அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னாங்க, சுண்ணாம்பாட்டம் வெளுத்துக் கெடக்குது. சைக்கிள்ல ஏத்துங்க, நாங்களே தள்ளிக்கினு போறோம்" என்றார். மரங்களைத் தாண்டி அவளை அப்படியே கொண்டுபோனார்கள். பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடிய எனக்கு, பயத்தோடு பொறாமையும் இருந்தது.

டாக்டர் அவளது கீழிமையை இழுத்துப் பார்த்தார், சோதனைகள் எடுத்தார். "எவ்ளோ ஈரல் துன்னும் பிரயோஜனமில்லைங்க. வயித்துல கொக்கிப்புழு, ரத்தத்த உறிஞ்சிக்கினே இருக்குது. வெறுங்கால்ல கொல்லைக்குப் போனா கால் வழியா ஏறிடும்" என்றார். புழு மாத்திரையும் இரும்பு மாத்திரையும் சேர்ந்து அவளைத் தேற்றின. ஆண் குழந்தை பிறந்தது. அப்பா அவளுக்குப் புதுச் செருப்பு வாங்கினார். அதற்கும் எனக்குப் பொறாமைதான்.

இங்கே லண்டனில் என் ரத்தச் சோதனையின் முடிவு வேறாக வந்தது. என் உடம்பில் இரும்பு போதுமான அளவு இருக்கிறதாம். ரத்த அணுக்கள்தான் பிறவியிலேயே சிறியவை, தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் குறைபாட்டின் கூறு. இரும்பு மாத்திரையை நிறுத்தச் சொன்னாள் ஹெலன், ஃபோலிக் அமிலம் மட்டும் தொடரட்டும் என்றாள். கணவருக்கும் அதே கூறு இருந்தால் பிள்ளைக்கு வாழ்நாளெல்லாம் ரத்தம் ஏற்ற வேண்டி வரலாம் என்பதால், அவரையும் சோதித்தார்கள். அவருக்கு இல்லை என்று தெரியும்வரை எங்களுக்குச் சோறு இறங்கவில்லை. அம்மா கொடுக்காத ஈரல் என்னைச் சிவக்க வைத்திருக்காது என்று இப்போது தெரியும். தெரிந்தும் ஆறவில்லை.

ஊரில் பக்கத்து வீட்டுத் தொலைபேசிக்கு அக்காவை வரவழைத்துச் சொன்னேன்.

"ஒனக்கின்னாடி, குடுத்து வச்சவ" என்றாள். "புருசனுக்குக்கூட ரத்தம் எடுத்துப் பாக்கறாங்க. நான் வுழுந்தப்புறந்தான என்னப் பாத்தாங்க?"

அப்போது அவளுக்குப் பின்னால் எங்கள் வீட்டிலிருந்து அம்மாவின் குரல் கேட்டது.

"சோறு ஆறுது, வந்து துன்னும்மா."

அக்காவைத்தான் கூப்பிடுகிறாள் என்று தெரியும். ஆனாலும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன்.