கம்பெனி பஸ்கள் நின்ற காலை

எங்கள் ஊருக்கு வந்துகொண்டிருந்த அரசுப் பேருந்தை நிறுத்திவிட்டார்கள் என்று எங்களிடம் யாரும் சொல்லவில்லை. ஒரு திங்கட்கிழமை காலை அது வரவில்லை, அவ்வளவுதான். தாம்பரத்தில் கிளம்பி, மணிமங்கலம் வழியாக எங்கள் ஊரைத் தொட்டுக்கொண்டு ஒரகடம் போகும் வண்டி. டயர் போயிருக்கும் என்றார் ஒருவர். டிரைவர் லீவாக இருக்கும் என்றார் இன்னொருவர். அந்த வாரம் முடிவதற்குள் காரணம் தேடுவதையே விட்டுவிட்டோம்; நிறுத்தத்தில் போய் நிற்பதை மட்டும் விடவில்லை.

நான் ஒரகடத்தில், கார்களுக்கு வயர் கட்டு செய்துதரும் ஒரு சின்ன யூனிட்டில் வேலை பார்க்கிறேன். பெரிய கம்பெனிகள் தங்கள் ஆட்களுக்கு ஊருக்கு ஊர் பஸ் அனுப்பும். எங்களைப் போன்ற கான்ட்ராக்ட் ஆட்களுக்கு அது கிடையாது. ஷிஃப்ட் ஆரம்பித்துக் கேட்டை மூடிவிட்டால் திரும்பிப் போக வேண்டியதுதான். அங்கே என்னோடு ஒரே அசெம்பிளி லைனில் வேலை செய்யும் பெண் ஒருத்தி அப்போது எங்கள் வீட்டு மாடி அறையில் வாடகைக்கு இருந்தாள். தென்காசிப் பக்கத்துக்காரி. படித்தது ஒன்று, பார்த்த வேலை வேறு. அதைப் பற்றி அவள் பேசுவதில்லை.

காத்திருப்பது எனக்கு வராது. நிறுத்தத்திலிருந்து வளைவு வரை போய் எட்டிப் பார்ப்பேன், திரும்புவேன், போனை எடுத்து மணி பார்ப்பேன், மறுபடியும் போவேன். அதற்குள் எத்தனையோ கம்பெனி பஸ்கள் எங்களைக் கடந்து போய்விடும். கண்ணாடி ஏற்றி, திரை இழுத்து, பல இருக்கைகள் காலியாக. திரை விலகிய ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கும் முகங்கள் தெரியும். அதில் ஒரு பஸ்ஸை ஓட்டியவர் எங்கள் பக்கத்துத் தெருக்காரர். அவர் நிலமும் எங்கள் நிலமும் அடுத்தடுத்து இருந்தவை. இரண்டின் மேலும் இப்போது ஒரே குடோன் நிற்கிறது. என்னை அண்ணி என்று கூப்பிடுபவர். நிறுத்தத்தைக் கடக்கும்போது மட்டும் பார்வையை ரோட்டிலிருந்து எடுக்க மாட்டார்.

ஷேர் ஆட்டோவில் போய்ப் பார்த்தோம். டிரைவர் பக்கத்தில் அரை சீட்டில் உட்கார்ந்து, ஒரு காலை வெளியே தொங்கவிட்டு வந்தாள் அந்தப் பெண். கன்டெய்னர் லாரி ஒன்று உரசுவதுபோல் கடந்ததில் செருப்பு கழன்று ரோட்டில் போய்விட்டது. ஒற்றைச் செருப்போடு கம்பெனிக்குள் நுழைந்தாள். அன்று முழுக்க வயரைத் தப்பான துளையில் சொருகிச் சொருகி எடுத்தாள். மறுநாள் ஆட்டோ வந்து நின்றபோது ஏற மாட்டேன் என்றுவிட்டாள். நடந்தோம். கேட் மூடியிருந்தது.

ஊரில் சில பெண்களைச் சேர்த்துக்கொண்டு டெப்போவுக்குப் போனேன். அங்கிருந்த அதிகாரி கோபக்காரர் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. ஜன்னல் வழியாக வரிசையாக நின்ற பஸ்களைக் காட்டினார்.

"பஸ் கீதும்மா. ஸ்பேர் இல்லாம நிக்குது. ஓடுற வண்டிக்கு டிரைவர் பத்தல. மேல இருந்து காசு வந்தாதான். அதுவரைக்கும் கலெக்ஷன் இல்லாத ரூட்டதான் மொதல்ல நிறுத்துவாங்க. உங்க ரூட்ல முக்கால்வாசி லேடீஸ், எல்லாம் ஃப்ரீ டிக்கெட்டு."

பூ விற்கப் படப்பை போகும் அக்கா எங்களோடு வந்திருந்தார். "நாங்களா ஃப்ரீயா வுடுன்னு கேட்டோம்? டிக்கெட்டு போட்டுக்கோ சார். பஸ்ஸ வுடு" என்றார்.

அதிகாரி தண்ணீர் பாட்டிலை எங்கள் பக்கம் நகர்த்தி வைத்தார். குடிக்காமலே வந்துவிட்டோம்.

பிறகு ஒரு காலை, தூறல். நிறுத்தத்தில் பத்துப் பதினைந்து பேர் இருந்தோம். வழக்கம்போல் கம்பெனி பஸ்கள் எங்கள் மேல் சேற்றை அடித்துவிட்டுப் போயின.

"எக்கா, எங்கூர்ல பஸ்சு வரலைன்னா ரோட்டை மறிச்சிருவாவ. இங்க என்ன, சும்மா பாத்துக்கிட்டே நிக்கிய?" என்றாள் எங்கள் மாடி அறைப் பெண்.

"இங்க மறிச்சா கம்பெனி பஸ்ஸுதான் நிக்கும். டெப்போக்காரனுங்களுக்கு இன்னா?"

நான் சொல்லி முடிப்பதற்குள் அவள் குடையோடு ரோட்டின் நடுவே போய் நின்றிருந்தாள். நான் யோசித்து முடிவெடுத்ததாக நினைவில்லை. நின்று நின்று அலுத்த கால்கள், போய்விட்டன. பூக்கார அக்கா கூடையை இடுப்பில் வைத்தபடி வந்தார். மற்றவர்களும் வந்தார்கள்.

முதலில் வந்து நின்றது பக்கத்துத் தெருக்காரரின் பஸ். கதவைத் திறந்து குதித்து இறங்கினார்.

"இன்னா அண்ணி இது! வழிய வுடுங்க, வண்டி லேட்டாவுது!" என்று பஸ்ஸுக்குள் கேட்கும்படி கத்தினார். எனக்கு முகம் சுட்டது. பக்கத்தில் வந்ததும் குரலைத் தாழ்த்தினார். "நவுராதீங்க. பின்னால இன்னும் வண்டிங்க வருது. அதுங்களும் வந்து நிக்கட்டும்."

அவர் முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் தெரியாதவர்போல் கையை உதறிக்கொண்டு மறுபடியும் கத்தினார்: "சொன்னா கேக்கவே மாட்றாங்கப்பா!"

பஸ்கள் ஒன்றன் பின் ஒன்றாக வந்து நின்றன. தூங்கிய முகங்கள் விழித்துத் திரையை விலக்கிப் பார்த்தன. ஐடி கார்டு அணிந்த ஒருவர் இறங்கி வந்து, "எங்க லைன் நின்னுடும் மேடம், புரிஞ்சுக்கோங்க" என்றார். நிஜமாகவே பதறிப்போயிருந்தார்.

"நாங்க கம்பெனி கேட்டு வரைக்கும் போயிட்டுத் திரும்புதோமே சார், அதுக்கு யாரு வருவா?" என்றாள் அந்தப் பெண். அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு தள்ளிப் போனார். அதன் பிறகு எல்லோர் காதிலும் போன். போலீஸ் ஜீப் வந்தது. எங்களைத் திட்டிய சப் இன்ஸ்பெக்டரே டெப்போவுக்கும் பேசினார். பஸ் விடச் சொல்லியிருப்பதாக அவர் சொன்ன பிறகு ஒதுங்கினோம். பக்கத்துத் தெருக்காரர் கடைசி வரை எங்களைத் திட்டிக்கொண்டே வண்டியை எடுத்தார்.

மறுநாள் காலை பஸ் வந்தது. அதிகாரியிடம் அத்தனை பேர் போய்க் கேட்டும் வராத பஸ். ஏறி உட்கார்ந்தும் எனக்கு மனம் ஒரு நிலையில் இல்லை. டிக்கெட் கிழித்துக் கொடுத்தபடி கண்டக்டர் சொன்னார்: "காலையில ஒரு டிரிப்புதாம்மா. சாயங்காலம் கெடையாது. இதுவும் எத்தினி நாளைக்குன்னு எனக்குத் தெரியாது."

ஒரு மாதம் தாங்கினாள் அந்தப் பெண். மாலையில் வேறு ரூட் பஸ்ஸில் வந்து இறங்கும் மெயின் ரோட்டிலிருந்து ஊர் வரை லாரிகளுக்கு ஓரமாக நடப்பதை, போனில் அவள் அம்மாவிடம் எப்போதோ சொல்லிவிட்டாள். அதிலிருந்து அந்த அம்மாவுக்குத் தூக்கம் இல்லை. ஒரகடத்திலேயே ஹாஸ்டலில் இடம் பார்த்துக்கொண்டாள். "லைன்ல பாப்போம்லாக்கா" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போனாள். பார்க்கத்தான் செய்கிறோம். ஆனால் லைனில் பேசக்கூடாது.

இப்போதும் விடியும்போது படுத்தபடியே ரோட்டுப் பக்கம் காது கொடுக்கிறேன். லாரியா பஸ்ஸா என்று தெரியும் வரை அடுப்பைப் பற்றவைக்கக் கை போவதில்லை. மாலையில் ஏழெட்டுப் பேர் ஒன்றாக நடந்து வருகிறோம். போன வாரம் அப்படி வரும்போது, கம்பெனி பஸ்கள் விளக்கைப் போட்டுக்கொண்டு எங்களைக் கடந்து ஊர்ப் பக்கம் போயின.

பூக்கார அக்கா காலிக் கூடையைக் கை மாற்றிக்கொண்டு சொன்னார்: "சாயங்காலமும் இதுங்க இந்த வழியாதானே வருது? மறிச்சா நிக்காதா இன்னா?"

 எல்லோரும் கொஞ்சம் வேகமாக நடக்க ஆரம்பித்தோம்.